ரொட்டிக்காரியின் மெட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கர்க்லாண்டிலிருந்து அருளப்பு அண்ணையின் மகள் மேரி தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டார்" என்றாள். அடுப்பில் கொதித்த தேநீரை மறந்து நின்றேன்.

அருளப்பு அண்ணையின் வயலினை நம் மண்டபத்தில் கேட்ட உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. எனக்கு அதுவே பெரிய சந்தோசம்.

அண்ணை மட்டக்களப்புக்காரர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென்ட் லோரன்டில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தோம். அங்கிருந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரிடம் அந்த நாட்டு வயலின் மெட்டுகளைப் பழகினார். ஒவ்வொரு மெட்டும் பிறந்த கதையையும் கேட்டு வைத்துக்கொண்டார். கதையைச் சொல்லாமல் வில்லைத் தூக்கமாட்டார். "ஆருக்காகப் பிறந்ததெண்டு தெரியாம வாசிச்சா, அது வெறும் சத்தம் தம்பி" என்பார்.

ஒரு பனிக்காலம், ஒரு தம்பதியின் ஐம்பதாவது திருமண நாள் விழா. அண்ணைக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்று வாசிக்கவிருந்த மெட்டின் கதையை எழுதிய கடதாசியை என் கையில் திணித்து, படித்துக் காட்டும்படி சைகை செய்தார். எனக்கு எழுத்துத் தெரியாது. மனைவியைத் தவிர எவருக்கும் அதை நான் சொன்னதில்லை. கடதாசியைப் பார்ப்பதுபோல நின்று, நினைவில் இருந்த ஒரு கதையைச் சொன்னேன். கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவனுக்காக அவன் அண்ணன் கட்டிய மெட்டின் கதை. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணை தூக்கிய வில்லோடு அப்படியே நின்றார். கதை மாறிவிட்டது என்று எனக்கு விளங்கியது. அவரோ கண்ணை மூடி, அந்த மீனவனின் மெட்டையே வாசித்தார். மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில், கரகரத்த குரலில் கேட்டார்: "என்ன தம்பி, கலியாணக் கொண்டாட்டத்தில சனத்தை அழ வச்சிட்டாய்?"

"கண்ணாடி கொண்டுவரேல்லை, அண்ணை."

"அது மூக்கிலதானே கிடக்கு!"

சிரித்தோம். பேந்து உண்மையைச் சொன்னேன். அவர் கடதாசியை என் சட்டைப்பையில் வைத்தார். "நீ இதைப் படிச்சுக் காட்டுற நாளிலதான் இந்த மெட்டை வாசிப்பன்" என்றார். சொன்னபடியே இருந்தார். பிறகு எந்த விழாவிலும் அதை அவர் தொடவில்லை.

முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன். போன மாதம் அவருடைய கட்டிலருகே இருந்து, விரல் வைத்துப் படித்தேன். பசியோடு வந்த வயலின்காரனுக்குச் சூடான ரொட்டி கொடுத்த ஒரு பெண். வாயில் ரொட்டியோடு அவன் அவளுக்காகக் கட்டிய துள்ளல் மெட்டு. அண்ணையால் வில்லைப் பிடிக்க முடியவில்லை. போர்வையில் விரலால் தாளம் தட்டி, மெட்டு முழுவதையும் முடித்தார். "சரி, படிச்சிட்டாய்" என்றார்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு மண்டபத்துக்கு வாருங்கள். மேரி வயலின் வாசிப்பாள். அதற்கு முன் நான் கதையைப் படிப்பேன். நான்காய் மடித்த அந்தக் கடதாசி என் சட்டைப்பையில் இருக்கிறது. இந்த முறை அதைப் பார்த்தே படிப்பேன்.