ஆணியில் தொங்கிய ஊன்றுகோல்

அந்தத் தேவாலயப் பங்கில் எல்லோரும் அவரைச் 'சாட்சி அண்ணன்' என்பார்கள். ஏழு வருடத்துக்கு முன்புவரை 'கோணல் இஸ்திரி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய ஓட்டலின் நிலவறையில், ஜன்னலே இல்லாத சலவை அறையில், நாளொன்றுக்கு நூற்றிருபது மேசைவிரிப்புகளை நின்றபடியே தேய்க்கிற வேலை. அந்த வேலை முதுகை வாங்கிவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது.

அக்கா வீட்டோடுதான் இருக்கிறார். அக்காதான் பங்கின் செபக்குழுத் தலைவி. ஒரு குணமளிக்கும் வழிபாட்டில் அவர் முதுகில் கைவைத்து செபித்துவிட்டு, "கோலைக் கீழ போட்டுட்டு நடடா" என்றாள். நடந்தார். அதில் பொய் எதுவும் இல்லை. வலி அன்றைக்கு உண்மையாகவே விட்டது. ஊன்றுகோலைச் சிற்றாலயத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டி, கீழே தேதி போட்ட அட்டை ஒன்றையும் ஒட்டினார்கள். அன்றிலிருந்து மாதத்தின் முதல் வெள்ளி தவறாமல் அவர் மைக் பிடித்து, தான் குணமான கதையைச் சாட்சியாகச் சொன்னார்.

நாலு வருடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, ஈரத்துணி வண்டியை இழுக்கக் குனிந்தபோது, வலி பழைய வாடகைக்காரன் மாதிரி கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

குணமான மனிதனைக் கொண்டாட ஊருக்கு நன்றாகத் தெரியும். அவன் மறுபடி படுத்துவிட்டால் என்ன செய்வதென்றுதான் தெரியாது. வலி திரும்பினால் விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை என்று அக்காவே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறார். இப்போது எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் 'சாட்சி அண்ணன்' என்ற அந்தப் பேர் பிடித்திருந்தது. கோணல் இஸ்திரியாக இருபது வருடம் வாழ்ந்து பார்த்தவருக்குத்தான் அதன் ருசி தெரியும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். வேலையில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார், வீட்டில் கதவு நிலையை.

முதல் வெள்ளிதோறும் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். மகளுக்குப் பதினாலு வயது, காலில் இரும்புப் பட்டை. சாட்சி அண்ணன் தொட்டால் போதும் என்று தாய் கெஞ்சுவாள். அவர் தொடுவார். அந்தப் பெண் மட்டும் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரம் அவருக்குத் தன்மேல் வருகிற அருவருப்பு இருக்கிறதே, அது முதுகு வலியைவிடப் பெரிது.

கடைசியில் ஒருநாள், பாவங்களை அறிக்கையிடும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பங்குச்சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். சாமியார் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "வலி வந்தது பாவம் இல்லீங்க. ஆனா வலிக்கிற அந்த ஆளை உள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்களே, அவருக்காக ஒரு தடவையாவது வேண்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். சாட்சி அண்ணன் ஊரார் முதுகுக்கெல்லாம் வேண்டியிருக்கிறார், தன் முதுகுக்கு ஒருமுறைகூட வேண்டிக்கொண்டதில்லை. யாராவது ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லச் சொல்லி அனுப்பினார் சாமியார். இரண்டு மாதம் ஆயிற்று. சொல்லவில்லை.

அடுத்த முதல் வெள்ளி, சிற்றாலயத்துப் பீடத்தில் நற்கருணை அப்பத்தை வைத்து ஆராதனை. ஒரு மணி நேரம் மௌனம். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, சாட்சி அண்ணன் மட்டும் வழக்கம்போல முன்னால் வெறுந்தரையில் முட்டி போட்டிருந்தார். அரைமணி கழிந்ததும் இடுப்புக்குக் கீழே ஒரு சுளுக்கு. வலது முட்டியைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. இடதையும் தூக்க முடியவில்லை.

ஆசீர் முடிந்தது. மெழுகுவர்த்திகளை அணைத்தார்கள். அவர் அசையவில்லை. "பாருங்க, எந்திரிக்கவே மனசு வரல. ஆண்டவர் புடிச்சு வச்சிருக்கார்" என்றாள் அக்கா, கண் கலங்க. வீட்டுக்குக் கிளம்பியவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவராக அவரைச் சுற்றி முட்டி போட்டார்கள். பக்தியால் கட்டிய வேலிக்குள் ஆப்பசைத்த குரங்காக மாட்டிக்கொண்டார் மனிதர்.

பூசை உடையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பிய சாமியார் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தொட்டியில் கேட்டதை வெளியே ஒரு பார்வையில்கூடக் காட்டக்கூடாதே. கை நீட்டினால் அந்த ரகசியம் உடைந்துவிடுமோ என்று பயந்தவர்போல, பேசாமல் வந்து அவர் பக்கத்தில் முட்டி போட்டார்.

சாட்சி அண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது. செபிக்கப் பார்த்தார். வந்ததெல்லாம் மைக்கில் சொல்லிப் பழகிய வாக்கியங்கள். வலி அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது. கடைசியில் ஒன்றுமே மிச்சமில்லை. அப்போது மனசுக்குள், 'ஆண்டவரே, எனக்கு வலிக்குது' என்றார். வலி இம்மியும் குறையவில்லை. ஆனால் உள்ளே இத்தனை நாள் ஓயாமல் மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தவன் வாயை மூடியிருந்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அங்கே அமைதியாக இருந்தது.

"அக்கா" என்றார் சத்தமாக. "என்னால எந்திரிக்க முடியல. வலிக்குது. மூணு வருஷமா வலிக்குது. அந்தக் கோலை எடுத்துக் குடு."

அக்கா நகரவில்லை. அவள் முகத்தில் இருந்தது கோபமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை. சாமியார்தான் எழுந்து, நாற்காலி போட்டு ஏறி, கோலை ஆணியிலிருந்து கழற்றினார். ரகசியத்துக்கு உரியவரே அதைச் சொல்லிவிட்டார், இனி கை நீட்டலாம். கோலின் அடியில் இருந்த ரப்பர் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. சாட்சி அண்ணன் அதை ஊன்றி, சாமியார் தோளைப் பிடித்து, எழுந்தார். கோணலாகத்தான் நின்றார்.

கூட்டம் வழி விட்டது. யாரும் அவரைத் தொடவில்லை. இரும்புப் பட்டைப் பெண்ணின் தாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வா போகலாம் என்று மகளை இழுத்தாள். அந்தத் தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

மகள் எழுந்திருக்கவில்லை. காலைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவர் மெல்ல உட்கார்ந்தார். அவள் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எந்த இடத்துல வலிக்குது?" என்று கேட்டாள்.

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார்.