கனகுவின் மெட்டும் என் சிவப்புக் கிட்டாரும்

மலிவான மின்கிட்டார் வைத்திருப்பவனுக்கு அதை வாசிப்பது பாதித் தொழில்தான். ஏன் வாசிக்க முடியாமல் போனது என்று சொல்லித் திரிவது மீதித் தொழில். பென்சன் எடுத்த பிறகு ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி, மனைவியின் முறைப்புக்கும் அயலவர் யன்னல் சாத்துகிற சத்தத்துக்கும் நடுவே கம்பியை இழுத்துக்கொண்டிருக்கிற சக பாவிகளே, என் பாட்டை உங்களுக்குத்தான் சொல்லியழ வேண்டும்.

கனகு என் பழைய கூட்டாளி. அவன் வடகரையில் கப்பலோட்டிய குடும்பத்துப் பிள்ளை. நான் மிசன் பள்ளிக்கூடத்துப் பாடகர் குழுவில் வளர்ந்தவன். இளந்தாரிகளாய் இருந்தபோது இருவரும் சேர்ந்து கலியாண வீடுகளில் பாடினோம். பிறகு அவன் கப்பலுக்குப் போனான். அங்கே நடுக்கடலில் இருந்துகொண்டு ஒரு மெட்டுக் கட்டினான், அதுவும் மின்கிட்டாருக்கென்றே. சண்டைக் காலத்தில் அவன் ஊருக்குத் திரும்பின நேரம் எங்களிடம் மின்கிட்டாரும் இல்லை, குடாநாட்டில் மின்சாரமும் இல்லை. மின்சாரம் வந்து சேர்ந்தபோது எங்களுக்கு வயது வந்துவிட்டது. போன வருடம் அவன் பாரிசவாதம் வந்து அரியாலையில் மகள் வீட்டில் படுத்துவிட்டான். பார்க்கப் போன என்னிடம், ஒரு பக்கம் இழுபட்ட வாயால் சொன்னான்: "என்ரை மெட்டை ஒருக்கால் கிட்டாரிலை கேட்டுப்போட்டுப் போவம் எண்டு பாக்கிறன், மச்சான்."

யாருக்கு?

அடுத்த நாளே யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போனேன். கடையில் இருந்ததிலேயே மலிவானது சிவப்பு நிறம். கம்பிகள் பலகையை விட்டு எவ்வளவு உயரத்தில் நின்றன என்றால், அதற்குக் கீழே ஒரு கோழி குனியாமல் போய்வரலாம். கூடவே பெட்டி மாதிரி ஒரு சின்ன ஒலிபெருக்கியும் தந்தார்கள்.

கடைக்காரத் தம்பி வலு மரியாதையாகப் பொதி கட்டிக்கொண்டே, "பேரப்பிள்ளைக்கோ, ஐயா?" என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். பொதியைத் திரும்ப அவிழ்த்து, ஒலிபெருக்கியின் திருகு ஒன்றை இடப்பக்கம் முட்டத் திருகிவிட்டுச் சொன்னான்: "அப்ப சத்தத்தைக் குறைச்சு வைச்சுத் தாறன், ஐயா. வீட்டிலை அம்மா இருப்பா தானே."

தங்கூசி

என் வீடு கொக்குவிலில், தண்டவாளத்துக்குக் கிட்ட. கொழும்பு ரயில் போனால் என் கிட்டாரின் சுருதி தானாக இறங்கிவிடும். பின்னேரம் ரயில் திரும்பி வரும்போது பழைய இடத்துக்கு ஏறிவிடும். ஆகவே இரண்டு ரயிலும் போய்வந்த பிறகுதான் பழகுவேன். அப்படிப் பழகி, மெட்டின் முக்கால்வாசி விரலுக்கு வந்த நேரம், மெட்டு முழுக்க ஓடுகிற மெல்லிய கம்பி இரண்டும் துருப்பிடித்து ஒரே நாளில் அறுந்தன. கடையில் கேட்டால், கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அங்கே கனகு காத்துக்கொண்டு கிடக்கிறான்.

அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் அரியாலையில் ஆழமில்லாத களங்கடலில் மீன் பிடிக்கிறவர். அவரிடம் தூண்டில் கட்டுகிற நைலோன் தங்கூசி வாங்கி, கம்பிக்குப் பதிலாக முறுக்கிக் கட்டினேன். பார்வைக்கு வலு வடிவு. கனகுவின் கட்டிலடியில் இருந்து, ஒலிபெருக்கியை முட்டத் திறந்து, மெட்டைத் தொடங்கினேன். ஒரு மூச்சும் வரவில்லை. மின்கிட்டாரின் காதுக்கு இரும்புக் கம்பி மட்டும்தான் கேட்கும் என்பதும், நைலோனை அது மதிக்காது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? நான் திருகுகளைத் திருப்பித் திருப்பி வேர்க்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தத் தம்பி கேட்டார்: "தங்கூசி சத்தம் போட்டால் மீன் அகப்படுமே, அண்ணை?"

மரண அறிவித்தல்

கொழும்பிலிருந்து கம்பி வந்தது. மாட்டிக்கொண்டு திரும்பவும் போனேன். இந்த முறை ஒலிபெருக்கி சும்மா இருக்கவில்லை. மலிவுச் சாமான்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆகாயத்தில் போகிற எதையும் பிடித்துவிடும். வயரைச் செருகினதுதான் தாமதம், என் கிட்டாருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆறுதலாக வாசிக்கத் தொடங்கியது: இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும்... வானொலியின் மரண அறிவித்தல் நேரம்!

வயரை இழுத்தேன், குரல் கூடியது. கிட்டாரைத் தென்கிழக்காகத் திருப்பினேன், தகனக் கிரியை விபரமும் துல்லியமாக வந்தது. கனகுவின் மனைவி பரிமளம் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். "நோயாளி கிடக்கிற வீட்டிலை உதென்ன அண்ணை?" என்று அவள் அழாக்குறையாய்க் கேட்க, நான் எல்லாவற்றையும் பொதி செய்யத் தொடங்கினேன். கட்டிலில் கிடந்தவன்தான் சரியாய் இருந்த கையைத் தூக்கி மறித்தான்: "பொறு மச்சான், நிப்பாட்டாதை. என்ரை பேரும் வருதோ எண்டு கேப்பம்."

சைக்கிள் மின்சாரம்

அடுத்த முறை வானொலி ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போனேன். நான் படலையைத் திறக்க, ஊர் முழுக்கக் கரண்ட் நின்றது. வேறு ஊர்க்காரன் என்றால் வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பான். நாங்கள் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்த சனம் அல்லவா! கனகுவின் மருமகனைச் சைக்கிளில் ஏற்றி, பின்சில்லை நிலத்தில் படாமல் நிறுத்தி, டைனமோவிலிருந்து ஒலிபெருக்கிக்கு வயர் இழுத்தோம்.

மருமகன் வங்கியில் வேலை, உடம்பு வளையாதவர். அவர் வேகமாய் மிதித்தால் பாட்டு உறுமியது, களைத்தால் பாட்டும் மூச்சு வாங்கியது. கனகு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். மெட்டின் முதல் வரி தாண்டி, இரண்டாவது வரியில் அவன் வலு ஆசையாய்க் கட்டின வளைவுக்கு நான் வந்து சேர்ந்த இடத்தில் மருமகனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. பரிமளம் நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து அவர் கெண்டைக்காலை உருவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பாட்டு எங்கை அண்ணை கேட்டது? செயினுக்கு எண்ணெய் காணாது எண்டது மட்டும் விளங்கினது."

ஏலம்

பிறகு மழை வந்தது, கனகு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான், எனக்குக் காய்ச்சல் வந்தது. கடைசியில் பற்றரியில் வேலைசெய்கிற ஒலிபெருக்கி ஒன்றை இரவல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாறன் என்று சொல்லியனுப்பினேன். அன்று எங்கள் மிசன் கோயிலில் அறுவடைப் பண்டிகை. சபையார் தங்கள் தோட்டத்திலும் வீட்டிலும் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் படைப்பார்கள். ஆராதனை முடிய அவ்வளவும் ஏலத்தில் போகும். காலையில் கடைசிப் பாட்டுக்குப் பாடகர் குழுவோடு நான் வாசித்தேன். ஒருவரும் காதைப் பொத்தவில்லை. அந்தச் சந்தோசப் புளுகத்தில் கிட்டாரை வாழைக்குலைக்கும் பூசணிக்காய்க்கும் நடுவே சாத்திவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வர, ஏலம் கூறுகிற மாஸ்ரர் என் கிட்டாரை ஒரு கையிலும் கால் கட்டின சேவலை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இந்த வயதிலை இப்பிடி ஒரு மனம் ஆருக்கு வரும்? தன்ரை உயிரையே கொண்டுவந்து கர்த்தருக்குப் படைச்சிருக்கிறார்!" சபை கைதட்டியது. முன்வாங்கிலிருந்து என் மனைவி திரும்பிப் பார்த்தாள். கலியாணம் கட்டின நாளைக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பெருமையாய்ப் பார்த்ததை நான் கண்டதில்லை. அந்த முகத்துக்கு முன்னால் நின்று, அது படையல் இல்லை, சும்மா சாத்தி வைத்தது என்று எப்படிச் சொல்லுவது? நானும் ஏலம் கேட்டுப் பார்த்தேன். படைச்சவரே கூட்டிக் கேட்கிறார் என்று சபை இன்னும் பலமாகத் தட்டியது. லீவில் கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளை என் தலைக்கு மேலால் கேட்டு எடுத்துவிட்டாள். ஒரு நாளைக்கு மட்டும் இரவல் கேட்போமென்று வாசல்வரைக்கும் ஓடினேன். அவள் ஏறின வான் வண்டி எயார்போட்டுக்கு வெளிக்கிட்டு நின்றது. அவள் கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கவலைப்படாதேங்கோ அங்கிள், இதை ஒருத்தரும் தொட விடமாட்டம். பேஸ்மென்ற் சுவரிலை வடிவா மாட்டி வைப்பம்."

வெறுங்கை

பின்னேரம் வெறுங்கையோடு அரியாலைக்குப் போனேன். பரிமளமும் மகளும் நல்லூருக்குப் போயிருந்தார்கள். கனகுவைப் பார்த்துக்கொள்கிற பெண் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்குச் சவரம் செய்து, துவைத்த சேட்டுப் போட்டு, தலையணையை உயர்த்தி இருத்தியிருந்தார்கள். கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட ஆள் மாதிரி இருந்தான்.

நான் நடந்ததைச் சொன்னேன். என் ஆயுளில் நான் எத்தனையோ கதை விட்டவன். சுறாவை வேட்டியால் பிடித்த கதை, பனைமரத்தில் ஏறி இந்தியா பார்த்த கதை, அவ்வளவையும் நம்பினவன் கனகு. அன்று நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவன் முழுக்கக் கேட்டான். பிறகு சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றச் சொல்லிக் கையைக் காட்டினான். கழற்றிவிட்டேன். ஆறுதலாகச் சொன்னான்: "வாசிக்கப் பயமெண்டால் பயமெண்டு சொல்லன்ரா. அதுக்கேன் சேவலையும் பூசணிக்காயையும் இழுக்கிறாய்?"

திறம்

இன்னொரு கிட்டாருக்குச் சொல்லி வைத்தேன். அது வருவதற்கு முதல் கனகு போய்விட்டான். வானொலியில் அவன் பேரை அதே பெண் குரல் வாசித்தது. நான் கடைசிவரைக்கும் கேட்டேன்.

செத்தவீட்டில் ஆண்கள் பக்கம் ஒரு கதிரையில் இருந்தேன். ஆட்கள் ஒவ்வொருவராய் வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஏனென்று விளங்கவில்லை. பரிமளம் என்னைக் கண்டு எழும்பி வந்தாள். நான் எப்படி மன்னிப்புக் கேட்பதென்று சொல் தேடிக்கொண்டிருக்க, அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நாங்கள் நல்லூருக்குப் போன அண்டைக்கு வந்து வாசிச்சனீங்களாமே, அண்ணை. வந்த சனத்துக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவர். கடைசித் துண்டை மட்டும் கொஞ்சம் கெதியா வாசிச்சுப்போட்டானாம், மற்றும்படி திறமாம்."

ஆகையால் சக பாவிகளே, இத்தனை காலம் கம்பி இழுத்ததில் எனக்குத் திறம் என்று பெயர் வாங்கித் தந்தது நான் வாசிக்காத ஒரே பாட்டுத்தான்.