மூன்று வரியில் மாட்டிக்கொண்ட குடும்பம்

ஒர்னெல்லா பர்லெத்தி பிறக்கும்போதே ஒரு குற்றம் கூடவே பிறந்தது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால், முற்றுகையின்போது, அவள் குலத்தில் ஒருவன் எங்கள் ஊர் மொந்தெவாரோவின் கீழ்வாசல் கதவை எதிரிப் படைக்குத் திறந்துவிட்டானாம். இத்தாலி முழுக்கப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அந்த மகாகவி, தன் காவியத்தில் வரும் நரகத்தின் அடியாழத்தில், துரோகிகளுக்கென்று வைத்த பனிக்கட்டியில், அவனைக் கழுத்துவரை புதைத்துவிட்டார். பெயர் சொல்லி, மூன்றே வரியில்.

பள்ளியில் அந்தப் பாடம் வரும் வாரம் வகுப்பே திரும்பி ஒர்னெல்லாவைப் பார்க்கும். அவள் கையுறை போட்டு வந்தால், "உங்களுக்குத்தான் பனி பழக்கமாச்சே, கையுறை எதுக்கு?" என்பார்கள். பெரியவளானதும் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. விருந்து மேஜையிலேயே மாப்பிள்ளையின் அம்மா, "வீட்டுச் சாவிய மட்டும் அவ கையில குடுத்துடாதப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒர்னெல்லாவும் சிரித்தாள். அதன்பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அப்பாவின் பூட்டுப் பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். எதிரே என் ரொட்டிக்கடை. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவன் அவளைத்தான் கூப்பிடுவான். கூப்பிட்டுவிட்டு, "சும்மா தெற ஒர்னெல்லா, உன் ரத்தத்துலயே இருக்கு" என்பான்.

"இன்னொரு தடவ சொல்லு. மறுபடியும் பூட்டிட்டுப் போறேன்."

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பொய்க் குற்றம் சாட்டித் தன்னை ஊரைவிட்டுத் துரத்திவிட்டார்கள் என்று சாகும்வரை கொதித்தவர் அந்தக் கவி. அவருக்கு நியாயம் வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க்காரன் பக்கம் என்ன நியாயம் என்று ஒரு வார்த்தை விசாரித்தாரா? யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினார். அழகாக எழுதித் தொலைத்தார். அதனால் அது அழியவே இல்லை.

ஊரோ அதை வைத்துப் பிழைக்கிறது. மதுக்கடையில் 'துரோகி ரொட்டி' என்று பன்றித் தொடைக்கறி வைத்து விற்கிறார்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் பொம்மை கிடைக்கிறது, பனிக்கு மேலே நீட்டிய தலையோடு. கைபேசி விளையாட்டு ஒன்றில் அந்தத் தலையை மிதித்தால் புள்ளி ஏறுமாம். செப்டம்பரில் சதுக்கத்தில் அந்தக் காவியத்தை வாசிப்பார்கள். மூன்று வரி வந்ததும் கூட்டம் மொத்தமும் ஒர்னெல்லாவின் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேலியாக விசிலடிக்கும். இதற்குப் பெயர் மரபு.

போன வருஷம் இது போதாதென்று ஒரு பளிங்குப் பலகை செய்தார்கள். அந்த மூன்று வரியைச் செதுக்கி அவள் வீட்டுச் சுவரில் பதிக்கப்போவதாக மேயர் ஃபௌஸ்தோ வந்து சொன்னார். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர்தான்.

"உன் வீட்டுக்குப் பெருமை ஒர்னெல்லா."

"எங்க ஆளு நரகத்துல கெடக்கறான்னு எங்க சுவத்துலயே எழுதறது பெருமையா? உன் தாத்தா மாவுல சுண்ணாம்பு கலந்தாரே, அத உன் வீட்டுல எழுதேன்."

"அத யாரும் பாட்டா எழுதலியே."

பழைய தெருவில் வெளிச்சுவர் நகராட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அவளால் தடுக்க முடியவில்லை.

பலகை பதிக்கும் நாளன்று காலையில் முற்றுகை நாடகம் வைத்தார்கள். வெறுமனே திறந்து கிடந்த கீழ்வாசல் கதவுக்குப் பார்வைக்காகப் பெரிய பூட்டு ஒன்றை வெளியூரிலிருந்து வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். வெளியே முரசு, குதிரை, மேயர், தொலைக்காட்சிக்காரர்கள். உள்ளே துரோகி வேஷக்காரன் சாவியைத் திருப்பினான். முதல்நாள் மழையில் கதவு மரம் உப்பியிருந்தது. சாவி பாதியில் நின்றுவிட்டது. எண்ணெய் விட்டார்கள், தட்டினார்கள், உதைத்தார்கள். கடைசியில் பட்டறைக்கு ஆள் ஓடி வந்தது.

அவள் பையோடு வந்து, கதவுக்கு உள்பக்கம் இருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டாள். நானும் மாவுக் கையோடு பின்னால் போய் நின்றேன்.

இடுக்கு வழியாக மேயர், "ஒர்னெல்லா, கொஞ்சம் தெறம்மா" என்றார்.

"யாரு கேக்கறது?"

"நான்தான், ஃபௌஸ்தோ."

"ஃபௌஸ்தோ கேட்டா தெறக்க மாட்டேன். ஊர் கேக்குதுன்னா தெறக்கறேன். ஒலிபெருக்கில சொல்லு."

"விளையாடாத, படம் புடிக்கறாங்க."

"அதனாலதான் சொல்றேன்."

அவர் ஒலிபெருக்கியை வாங்குவது இடுக்கில் தெரிந்தது. பிறகு அவர் குரல் மதில் முழுக்க எதிரொலித்தது: "கதவத் தெறக்கச் சொல்லி பர்லெத்தி குடும்பத்த ஊர் கேட்டுக்குது."

"எல்லாருக்கும் கேட்டுச்சா? நாளைக்கு எவனாவது மாத்தி எழுதப்போறான்."

நாலு திருகாணியைக் கழற்றிப் பூட்டையே பெயர்த்து எடுத்தாள். கதவு திறந்தது. முன்வரிசையில் ஒருவன் பழக்கதோஷத்தில் விசிலடித்தான்.

"எதுக்குய்யா விசிலு? உள்ள வரணும்னு நின்னது நீதானே?"

மத்தியானம் பலகையோடு வேலையாட்கள் வந்தார்கள். கூடவே மேயர். அவள் வாசலில் நின்று சொன்னாள்: "தாராளமா மாட்டுங்க. பக்கத்துலயே இன்னொண்ணும் மாட்டணும். ஊர் கேட்டுக்கிட்டதால கதவத் தெறந்தவ ஒர்னெல்லா பர்லெத்தின்னு. இன்னிக்குத் தேதியும் போடுங்க."

அதை நகராட்சி சபையில் பேச வேண்டும் என்றார் மேயர். இன்னும் பேசவில்லை. பளிங்குப் பலகை நகராட்சி நடைவழியில், எழுத்து சுவரைப் பார்த்தபடி, சாய்ந்து கிடக்கிறது.

இந்த செப்டம்பரிலும் வாசிப்பு நடந்தது. மூன்று வரி வந்தது. கூட்டம் திரும்பி விசிலடித்தது. அது அடங்கும்வரை ஒர்னெல்லா ஜன்னலில் காத்திருந்தாள். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து, மேடையில் திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்து நீளமாக ஒரு விசில் அடித்தாள். கீழே நின்ற நானும் என் பங்குக்கு ஒன்று அடித்தேன்.