பனைக்குப் பின்னால் நின்றவர்

எங்கள் மணிலாக் கொல்லை வரப்பில் ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறது. ரிப்பேர் பார்த்த துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு, ரிப்பேர்காரர் அதன் பின்னால் போய் நின்றார். பதினோரு காலடி. எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. உப்பளத்தில் முப்பத்தாறு வருஷம் மூட்டை எண்ணியவன். "உங்க துப்பாக்கிண்ணே, மொத வேட்டு நீங்கதான் போடணும்" என்றார். அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். சோறு கொண்டுவந்திருந்த என் மனைவிதான் சிரித்தாள். "ஏங்க, மரியாதைன்னா பக்கத்துல நிக்க மாட்டாரா? மரத்துக்குப் பின்னாடி போயிதான் பண்ணணுமா?" சும்மா இரு என்று அதட்டிவிட்டுச் சுட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் வெளியே வந்து என் கையைக் குலுக்கினார்.

கடலையைத் தோண்டித் தின்னும் பன்றிகளை விரட்ட லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி அது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். திரும்பி வரும்போது குழலில் துரு ஏறியிருக்கும். முதன்முதலில் அவர் கடைக்குப் போனபோது சுவரில் முப்பத்திரண்டு கருவிகள் தொங்கின. ஒன்றில்கூடத் துரு இல்லை. உப்புக் காற்றில் கேட்டின் கீலே மூன்று வருஷத்தில் உதிர்ந்துபோகும் எங்கள் ஊரில் அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? நான்கு முறை அவரிடமே கொடுத்தேன். என் மனைவியை அண்ணி என்று கூப்பிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்.

பனையடியில் சுட்டுப் பார்த்த அடுத்த மாதமே, நான்காவது வேட்டில் குழல் வெடித்தது. இடது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக்கு ஆறு சாத்துக்குடியோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, "தோட்டா பழசா இருந்திருக்கும்ணே" என்றார். நானும் நம்பி, என் கவனக்குறைவுதான் என்று ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தேன். லைசென்ஸும் போயிற்று.

உடைந்த துப்பாக்கியைப் பார்க்க வேறொரு ரிப்பேர்காரரை போலீஸார் வரவழைத்தார்கள். அவரிடம் இருந்தவை ஐந்தே அரங்கள். துருவேறி, பிடியில் கட்டைவிரல் பதிந்த பள்ளத்தோடு இருந்தன. குழலின் கறுப்பைச் சுரண்டினார். அடியில் அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள். அவற்றை எதையோ வைத்து அடைத்து மேலே கறுப்பு ஏற்றியிருந்தது.

"இது தெரியாம செஞ்சது இல்ல சார். டெஸ்ட் யாரு சுட்டது?"

"நான்தான்."

"நாங்க டயர்ல கட்டி, தூர நின்னு கயித்த இழுப்போம். இல்லன்னா நாங்களே சுடுவோம். வச்சிருக்கிறவரு கையில குடுத்துட்டு ஒதுங்க மாட்டோம். அவரு எங்க நின்னாரு?"

எண்ணிக்கை நாக்கு நுனியில் இருந்தது. அந்த முப்பத்திரண்டு கருவிகளின் பிடிகள் எல்லாம் புதிதாக இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இன்று காலை கொல்லைக்குப் போனேன். அன்று நான் சுட்ட இடத்திலிருந்து பதினோரு காலடி நடந்து, பனைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வரப்பில் ஆறு வேம்பும் ஒரு பூவரசும் இருக்கின்றன, எல்லாம் ஒல்லி. இந்தப் பனை மட்டும்தான் ஓர் ஆளை முழுசாக மறைக்கிறது. பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். நான் வேலை கொடுத்த நான்கு முறையில், இந்த ஒரு வேலையை அவர் பிசகில்லாமல் செய்திருக்கிறார்.