அப்பன் பாஸ், பிள்ளை ஃபெயில்

டீபக்கரைச் சோதிக்கிறவன் வேலை என்னவென்றால், நோயாளியைப் பார்க்கும் டாக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டாக்டருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. நோயாளியும் நன்றி சொல்ல மாட்டான், டாக்டரும் சொல்ல மாட்டார். இதே நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்திருக்கும் சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களுக்கு ஒரு வரி: ஓடுகிற புரோகிராமை நடுவழியில் மறித்து, எங்கே கோளாறு என்று பார்க்க உதவும் கருவிதான் டீபக்கர். பணி ஓய்வு பெற்றபின் வீட்டில் எனக்கு ஓய்வு கிடைக்காததால், அறுபத்தேழு வயதில் மதுரை கே.கே. நகரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் மாடியில், டீபக்கர் செய்து விற்கும் ஆபீசில் வந்து சேர்ந்தேன்.

வயலு வராதுல்ல

சாதாரணப் புரோகிராம் ஒண்டிக்கட்டை. எங்கள் வாடிக்கையாளருடையது சம்சாரி. கப்பலூர்ப் பக்கம் நூற்பு மிஷின் செய்கிற கம்பெனி அது. அந்த மிஷினை ஓட்டும் புரோகிராம், சுவிட்சைப் போட்டதும் தன்னைத்தானே நகல் எடுத்து நாலைந்து பிள்ளைகளைப் பெற்றுவிடும். ஒரு பிள்ளை வேகத்தைப் பார்க்கும், ஒன்று சூட்டைப் பார்க்கும், ஒன்று நூல் அறுந்தால் கூப்பாடு போடும். பிள்ளை பிறந்த அந்த நொடியில் டீபக்கர் முடிவு செய்தாக வேண்டும், அப்பன் பின்னால் போவதா, பிள்ளை பின்னால் போவதா என்று. சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ஆற்றில் இறங்கியவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். எங்கள் டீபக்கர் அப்பனைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் போய் வா என்று விட்டுவிடும் ரகம்.

மதுரைக் கிளையே இந்த ஒரு வாடிக்கையாளரை நம்பித்தான் இருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை டீபக்கரின் புதுப் பதிப்பை அவர்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால், கிளையை மூடிவிட்டு எல்லோரையும் பெங்களூருக்கு மாற்றுவோம் என்று தலைமை அலுவலகம் வெகு அன்போடு மெயில் போட்டிருந்தது. எனக்கென்ன, நான் ஒப்பந்தத்தில் இருப்பவன். டீபக்கரை எழுதுகிற கார்த்திகாவுக்குத்தான் முகம் செத்துப்போனது. கோச்சடையில் அவள் வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார். பிள்ளைகள் இரண்டும் இங்கே படிக்கின்றன. மெயிலை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னாள்: “கூப்பிட்டா அவரு பெங்களூருக்கு வந்துருவாரு சார், வயலு வராதுல்ல.”

வம்சம்

டீபக்கர் எத்தனை பிள்ளைகள் வரை தாங்கும் என்று பார்க்க ஒரு சோதனை எழுதினேன். அப்பன் நூறு பிள்ளை பெற வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் பிள்ளை பெறக் கூடாது என்று ஒரு வரி எழுத வேண்டும். அதை மறந்துவிட்டேன். பெற்றார்கள், பேரன்கள் பெற்றார்கள், பேரன்களின் பேரன்கள் பெற்றார்கள். சோதனைக்கென்று தனி மிஷின் இருக்க, ஆபீஸ் முழுவதும் நம்பியிருக்கும் பெரிய சர்வரில் போய் ஓட்டியது என் வழக்கமான சிக்கனம்.

என் திரை உறைந்தது. பிறகு எல்லோர் திரையும் உறைந்தது. மின்விசிறி தயங்கியது. கீழே பல் டாக்டர் கையில் டிரில் பாதிப் பல்லில் நின்றது, மாட்டுத்தாவணியில் ஒரு பஸ் ரிவர்ஸில் போனது என்று நான் பிற்பாடு சொன்னதை ஆபீசில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பல் டாக்டரும் மறுக்கிறார். சர்வரைப் பராமரிக்கிற முத்துராமன் மட்டும் அதை அணைத்துப் போட்டுவிட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிதானமாகக் கேட்டான்: “அண்ணே, உங்களை டெஸ்ட்டு எழுதச் சொன்னாங்களா, வம்சம் எழுதச் சொன்னாங்களா?”

செத்தவன் பட்டியல்

பிள்ளை புரோகிராம் செத்தால், அப்பன் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை அதன் பெயர் கம்ப்யூட்டரின் பட்டியலில் கிடக்கும். உடம்பு இருக்காது, பேர் மட்டும் இருக்கும். எங்கள் டீபக்கர் அந்தப் பேர்களையும் சேர்த்து “ஓடிக்கொண்டிருக்கிறது” என்று காட்டியது. இது பழுதல்ல, மரியாதை என்று அறிக்கை எழுதினேன்.

கப்பலூர்க் கம்பெனியில் மிஷின்களைக் கவனிக்கும் போர்மேன் பரமசிவம். என் வயசுக்காரர், என்னளவுக்குப் பொறுமை இல்லாதவர். போனில் பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்துக்காட்டிவிட்டுச் சொன்னார்: “எங்க தெருவுல செத்தவன் பேரு ரேசன் கார்டுலதான் இருக்கும் பெரியவரே, நீங்க அவனை வேலைக்கே அனுப்புறீக.”

பச்சை

அதைச் சரிசெய்தபின் மூன்று வாரம் பொற்காலம். காலையில் வந்து சோதனைகளை ஓட்டுவேன். வரிசையாகப் பச்சை விளக்கு. டீ குடிப்பேன். மறுபடி ஓட்டுவேன். மறுபடி பச்சை. எங்கள் குழுத் தலைவர் ஆரோக்கியம், மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, ‘நன்று’ என்று ஒவ்வொரு நாளும் மெயில் போடுவார்.

கடைசி வாரம் புதன்கிழமை பரமசிவம் கூப்பிட்டார். டீபக்கரை மாட்டியபின், நூல் அறுந்தால் கத்த வேண்டிய பிள்ளை கத்துவதில்லை என்றார். எங்கள் தொழிலின் புனித வாக்கியத்தை எடுத்துவிட்டேன்: “எங்க மிஷின்ல நல்லா ஓடுதே.” அவர் போனை வைத்தார். அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கும் ஒரே நல்லெண்ணத்தில், முதல் தடவையாக அப்பனை விட்டுவிட்டுப் பிள்ளை எங்கே போகிறது என்று பார்த்தேன். செத்துக் கிடந்தது. அடுத்த சோதனை, அங்கேயும் சாவு. எல்லாவற்றிலும் சாவு.

விஷயம் இதுதான். புரோகிராமை எங்கே நிறுத்த வேண்டுமோ, அங்கே டீபக்கர் ஓர் ஆணியை அடித்து வைக்கும். பிள்ளை அப்பனின் நகல், ஆகவே ஆணியும் நகலாகிவிடும். பிள்ளையை விட்டுவிடும்போது ஆணியைப் பிடுங்கிவிட்டு அனுப்ப வேண்டும். எங்கள் டீபக்கர் பிடுங்கவில்லை. பிள்ளை நாலு எட்டு நடந்து, ஆணியில் மிதித்து, தாங்கிப்பிடிக்க ஆளில்லாமல் செத்தது. என் சோதனை, பிள்ளை முடிந்ததா என்று கேட்டதே ஒழிய எப்படி முடிந்தது என்று கேட்கவில்லை. அப்பன் நலம், பச்சை விளக்கு. கார்த்திகா என் தோளுக்குப் பின்னால் நின்று கடைசி வரை பார்த்தாள். “மூணு வாரமா எழவு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் பாஸ் போட்டுருக்கோம் சார்.”

நம்பும்படியான கதை

தலைமை அலுவலகத்துக்குத் தெரிவதெல்லாம் பச்சை விளக்குதான். நான் வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை பதிப்பு கப்பலூருக்குப் போய்விடும். பரமசிவம் மறுபடி புகார் சொல்லித் திருப்பி அனுப்புவதற்குள் சரிசெய்துகொள்ளலாமே என்று என் மூளை யோசித்தது. இந்த மாதிரி யோசனைகளை அது கேட்காமலே தரும். ஆனால் திருப்பி அனுப்பினால் போவது என் தலை அல்ல, கார்த்திகாவின் வீடு. ஆரோக்கியத்தின் அறைக்குப் போய், என் சோதனைகள் அத்தனையும் பொய் என்றேன். அவர் சிரித்தார். பாதியில் நின்ற டிரில்லும் ரிவர்ஸில் போன பஸ்ஸும் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒன்றுவிடாமல் சொன்னேன். டீ வாங்கித் தந்தார்.

வேறு வழியில்லாமல், பிள்ளை எப்படிச் செத்தது என்று கேட்கும்படி சோதனைகளைத் திருத்தி, அவர் கண் முன்னால் ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. ஆரோக்கியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “நாலு வருசமா நீங்க சொன்னதுல இது ஒண்ணுதான் சார் நம்புற மாதிரியே இல்ல.”

கப்பலூர்

கார்த்திகா வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆணி பிடுங்க வைத்தாள். சிவப்பு பச்சையானது, ஒரு வகையைத் தவிர. சில பிள்ளைகள் தனி வீடு கிடைக்கும் வரை அப்பன் வீட்டிலேயே, அதாவது அப்பனின் நினைவகத்திலேயே, குடியிருக்கும். அங்கே பிள்ளையின் ஆணியைப் பிடுங்கினால் அப்பனின் ஆணியும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் அப்பன் எங்கேயும் நிற்காமல் ஓடிவிடுவான். அது வெள்ளிக்கிழமை காலை வரை சிவப்பாகவே இருந்தது. அப்படியே அதை எடுத்துக்கொண்டு ஆரோக்கியமும் கார்த்திகாவும் நானும் காரில் கப்பலூருக்குக் கிளம்பினோம். கார்த்திகா வீட்டுக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.

பட்டறையில் பரமசிவம் டீபக்கரை மாட்டினார். தலைமை அலுவலகம் ஒரு செல்போன் திரையில் நாலு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையால் நூலை அறுத்தார். பிள்ளை கத்தியது. நாலு தலையும் சிரித்தன. ஆரோக்கியம் என் முழங்கையைத் தொட்டார், போதும் என்று அர்த்தம். நான் பரமசிவத்திடம், இன்னொரு வகை சரியாகவில்லை, அதில் எங்கள் டீபக்கர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது என்றேன். நாலு தலையும் சிரிப்பை நிறுத்தின. கார்த்திகா தரையைப் பார்த்தாள்.

பரமசிவம் கையைத் துணியில் துடைத்தார், வெகு நேரம் துடைத்தார். பிறகு செல்போனைப் பார்த்து, என்னைக் கைகாட்டிச் சொன்னார்: “பழுதை நாங்க சொல்லுமுன்ன நீங்களே சொல்லுறது இதான் மொதத் தடவ, பதிப்ப எடுத்துக்கிறோம், மிச்சத்த இத எழுதுன அந்தப் பொம்பளப் பிள்ள மதுரையிலயே இருந்து சரி பண்ணட்டும், ஆனா சரியாகுற மட்டும் டெஸ்ட்டு எழுதுன இந்தாளு தினம் இங்கன வந்து மிஷினு பக்கத்துல நிக்கணும்.”

ஆக, சொன்ன பொய்களுக்கெல்லாம் ஏ.சி. அறையும் டீயும் கிடைத்த எனக்கு, இந்தத் தொழிலில் சொன்ன ஒரே உண்மைக்கு நூற்பு மிஷின் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கிற பாக்கியம் கிடைத்திருக்கிறது.