தோளில் ஒரு தட்டு

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறவர்கள் சாமி பார்க்க வருவார்கள். ஆள் சேர்க்கும் மேஸ்திரி துளசிங்கம் மட்டும் முழங்கால் பார்க்க வருவார். வெற்றிலையை மென்றபடி மலையடிவாரத்தில் நிற்பார். ஏறுகிறவர்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். காவடி தூக்கி ஏறும்போது நோஞ்சானுக்கும் எங்கிருந்தோ பலம் வந்துவிடும். இறங்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். கடைசிப் படியிலும் முழங்கால் நடுங்காதவன் தோளில் ஒரு தட்டு தட்டுவார். வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்றில் அசாம் பக்கம் சண்டைக்காக ரோடு போட ஆள் கேட்டார்கள். அரிசிக்கு அலைந்த காலம்; அவர் கை தன்மேல் விழாதா என்று ஊரே ஏங்கியது. முதல் தட்டு கே.ஜி.கண்டிகை ஊர்க்காரன் கஜபதிக்கு விழுந்தது. ரயிலடியில் அவன் மனைவி எல்லம்மாள் அழுதபோது மேஸ்திரிக்குக் கோபமே வந்துவிட்டது.

"நான் பொறுக்கின ஆளும்மா! அட்த்த கிருத்திகைக்குக் காவடியோட வந்து நிப்பான் பாரு."

சண்டை முடிந்தது. சிலர் காய்ச்சலில் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். கஜபதி வரவில்லை. செத்தான் என்ற சேதியும் வரவில்லை.

துளசிங்கத்தின் நிம்மதி அதோடு போயிற்று. சந்தையில் மூட்டை சுமந்து எவன் வந்தாலும் கஜபதியின் நடை தெரியும். கிட்டே போனால் வேறு யாரோ. சோறு பிசையும்போது உள்ளங்கையில் அவன் தோள் வியர்வை பிசுபிசுக்கும். எழுந்து கழுவிவிட்டு வந்தாலும் போகாது. ஊராரோ அவரைக் கண்டதும் துண்டை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்கள். பாவம், அதுவும் அவர் கண்ணில் பட்டது.

நாற்பத்தேழில் ஒரு காண்ட்ராக்டர் பாலம் கட்ட ஆள் கேட்டார். வயிறு இருக்கிறதே, கிருத்திகையன்று மலையடிவாரத்தில் போய் நின்றார். திடமாக இறங்கிய ஒவ்வொருவனும் கஜபதியாகவே இறங்கினான். கை எழும்பவே இல்லை.

அப்போது புருஷனின் காவடியைச் சுமந்து எல்லம்மாள் இறங்கினாள். நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது. முழங்கால் கொஞ்சமும் நடுங்கவில்லை. நேராக அவர் எதிரே வந்து நின்றாள்.

"என்னைத் தட்டுங்க மேஸ்திரி. அவரு போன எடத்துக்கு அனுப்புங்க. நான் இட்டுகினு வரேன்."

"அந்த வேலை முடிஞ்சிபோச்சும்மா. அங்க இப்ப யாரும் இல்ல."

"உங்க கண்ணுக்கு நான் தேறினேனா இல்லியா? அத சொல்லுங்க."

"ஆங்... நீ தேறிட்டம்மா."

கையைத் தூக்கினார், பாதியிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ முழங்கால்களை எடைபோட்டவருக்குத் தன் முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லம்மாள் காவடியை இறக்கி வைத்தாள். குனிந்து, அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

"அப்ப நீங்க போய் இட்டுகினு வாங்க."

அன்று சாயங்கால வண்டியில் துளசிங்கம் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எல்லம்மாள் இப்போது இரண்டு பேருக்காகக் காத்திருக்கிறாள்.