வாழை இல்லை என்று எத்தனை தடவை சொல்வது

ஸ்ரீரங்கத்தில் எங்கள் கொல்லையைத் தாண்டினால் கொள்ளிடக் கரை வரைக்கும் அண்ணாவின் வாழைத்தோட்டம்தான். அவருக்கு இலை அகலமாக இருந்தால் எல்லாமே வாழை. திருச்சியில் எங்கள் ரயில்வே ஆபீஸ் துரையின் பங்களாவிலிருந்து, தோட்டக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சொர்க்கப் பறவைச் செடி வாங்கி வந்து கிணற்றடியில் வைத்தேன். பக்கத்தில் முளைத்த கன்றுகளையெல்லாம், "தாய்மரத்துச் சத்தை உறிஞ்சிடும்டா" என்று அண்ணா பிடுங்கி எறிந்தார். இது வாழை இல்லை என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

வருஷக்கணக்கில் காக்கவைத்துவிட்டு ஒருவழியாகப் பூத்தது. ஆரஞ்சும் நீலமுமாக, அலகை நீட்டிய பறவை மாதிரியே ஒரு பூ. தெருவே வந்து பார்த்தது. பூ வாடிய மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தால் கிணற்றடி மொட்டையாக இருக்கிறது. செடியை அடியோடு தோண்டி எடுத்திருந்தார்.

"ஒரு தரம் ஈன்ற வாழையை யாராவது விட்டு வைப்பாளா? இதுகூடத் தெரியலையேடா உனக்கு!" என்று என்னையே கோபித்துக்கொண்டார்.

அதே குழியில் பூவன் கன்று வைத்தார். அது குலை தள்ளிப் பழுத்ததும் முதல் பழத்தை என் கையில் கொடுத்து, "மரம்னா இப்படி இருக்கணும்" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு தின்றேன். இனித்துத் தொலைத்தது.